ஒயில் குடிக்காத உழவு இயந்திரம்

2023ஆம் ஆண்டு புரட்டாதி மாதக் கடைசியில், காலபோக விதைப்புக்காக மேட்டு வயலைப் புழுதியாக உழுதுகொண்டிருந்தேன். காலை பத்து மணியைத் தாண்டியிருக்கும். வரம்போரத்தில் கலப்பையைத் தூக்கி, வண்டியைத் திருப்புவதற்காகக் கை அக்சிலேற்றரைக் குறைத்த அந்த ஒரு கணத்தில், எஞ்சினுக்குள் யாரோ விரலை மடக்கிக் கதவைத் தட்டியது போல நான்கைந்து தட்டல் கேட்டது. கலப்பையை இறக்கி வேகத்தைக் கூட்டியதும் அது இல்லாமற் போயிற்று. அடுத்த வரம்பில் மீண்டும் அதே தட்டல். அன்று மத்தியானம் வரை இருபது தடவையாவது திருப்பியிருப்பேன். இருபது தடவையும் அது என்னை விசாரித்துவிட்டுப் போனது.

எங்களிடம் இருப்பது மாஸி பெர்குசன் 135. மீள்குடியேறிய அடுத்த வருடம், இரணைமடுக் குளத்தின் கீழுள்ள எங்கள் வயலில் காட்டை வெட்டித் துப்புரவாக்கிய கையோடு, அப்பா அதை மூன்றாவது கையாக வாங்கினார். ‘சிறீ’ எழுத்துள்ள பழைய இலக்கத் தகடு, வெயிலில் வெளிறிய சிவப்பு, முன்மூடியில் யாரோ ஒட்டிக் கழற்றிய சாமிப்படத்தின் பசைத் தடம் என்பவற்றைத் தவிர, அதன் முற்பிறப்பைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. இந்த வகை வண்டி 1964இன் இறுதியில் இங்கிலாந்தின் கொவன்றி நகரில் அறிமுகமானது. அதன் எஞ்சின் பீற்றர்பரோ நகரத்துப் பேர்கின்ஸ் நிறுவனத்துடையது. அந்த நிறுவனத்தை மாஸி பெர்குசன் 1959இலேயே வாங்கியிருந்தது. மூன்று சிலிண்டர், ஒவ்வொன்றின் உள்விட்டமும் 3.6 அங்குலம், பிஸ்டனின் ஓட்டம் 5 அங்குலம், மொத்தக் கொள்ளளவு 152 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய இரண்டரை லீற்றர். வன்னியில் வளர்ந்த எவருக்கும் இந்த மூன்று சிலிண்டரின் ஓசை தாலாட்டுப் போன்றது. விடியற்புறத்தில் அது பனிக்குள் முக்கி முனகி உயிர்பெறுவதைப் பாயில் படுத்தபடியே கேட்டு, அது யாருடைய வண்டி என்று சொல்லக்கூடியவர்கள் எங்கள் ஊரில் இப்போதும் இருக்கிறார்கள்.

பழைய டீசல் எஞ்சினில் சத்தம் கேட்கிறது என்று சொல்வது ஒருவகையில் நகைப்புக்குரியதுதான். சத்தம் கேட்காத நிலை என்று அதற்கு ஒன்று கிடையாது. எஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்றில் மெதுவாக ஓடும்போது, பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டு விநாடிக்கு 10 தடவை சுழல்கிறது. நாலடிப்பு எஞ்சின் என்பதால் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவையே வெடிக்கிறது. ஆகவே சிலிண்டருக்கு 5 வெடிப்பு, மூன்றும் சேர்ந்து விநாடிக்கு 15 வெடிப்பு. வால்வுகளைத் தள்ளும் கேம் தண்டு கிராங்கின் பாதி வேகத்தில், விநாடிக்கு 5 தடவை சுற்றுகிறது. மூன்று சிலிண்டர் எஞ்சினுக்கு முன்னும் பின்னுமாக ஆடும் இயல்பும் உண்டு. இவையெல்லாம் சேர்ந்து எழுப்பும் இரைச்சலுக்குள் புதிதாக வந்த ஒரு தட்டலைப் பிரித்தறிவது, கோயில் திருவிழாவில் தவிலும் நாதஸ்வரமும் உச்சத்தில் இருக்கும்போது யாருடைய தாளக்கட்டை பிழைத்தது என்று சொல்வது போன்றது. கேட்டுப் பழகியவருக்கு அது முடியும். ஆனால் அவரும் உடனே சொல்லிவிடமாட்டார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. லொறிக்கு இருப்பது போல இந்த வண்டிக்குத் தனியான சட்டகம் கிடையாது. முன் அச்சு எஞ்சினில் தொங்குகிறது; எஞ்சின் கியர்ப் பெட்டியோடும், கியர்ப் பெட்டி பின்பகுதியோடும் போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கின்றன. எஞ்சின்தான் வண்டியின் முதுகெலும்பு. எனவே எங்கேனும் ஓரிடத்தில் இரும்போடு இரும்பு மோதினால் அந்த அதிர்வு முழு உடம்பிலும் ஓடி, அதற்கு வசதியான இடத்தில் வெளியே வருகிறது. எஞ்சினின் அடியில் பிறந்த சத்தம் மேலே வால்வு மூடியில் கேட்கும். மெல்லிய தகரமான அந்த மூடி ஒரு மேளத்தோல் போல அதை வாங்கிப் பெருப்பித்துக் கொடுக்கும்.

நான் ஏமாந்த இடமும் அந்த மூடிதான். அன்று பின்னேரம் வண்டியை வீட்டு வாசலில் நிறுத்திக் காதைக் கிட்டக் கொண்டுபோனபோது, தட்டல் மேலிருந்து வருவதாகவே எனக்குப் பட்டது. மேலே இருப்பவை வால்வுகளும் அவற்றை அழுத்தித் திறக்கும் ரொக்கர்களும். எனவே டெப்பட் இடைவெளி, அதாவது ரொக்கருக்கும் வால்வுக்கும் இடையிலுள்ள இடைவெளி, கூடிவிட்டது என்று முடிவுகட்டினேன். மறுநாள் காலை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியைக் கழற்றி, கிராங்கைக் கையால் சுழற்றி, ஒவ்வொரு வால்வும் முழுதாக மூடிய நிலையில் இடைவெளியை அளந்தேன். இந்த எஞ்சினுக்குக் குளிர்ந்த நிலையில் இருக்கவேண்டியது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு. ஆறு வால்வுகளில் இரண்டில் அது 20ஐத் தாண்டியிருந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்ற பெருமிதத்தோடு ஆறையும் சரிசெய்து, புது கஸ்கட் போட்டு மூடினேன். ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் எவ்வளவோ அமைதியாகிவிட்டது. அப்பாவைக் கூப்பிட்டு, கேட்டுப் பாருங்கள் என்றுகூடச் சொன்னேன்.

அரை மணித்தியாலம் உழுது எஞ்சின் சூடேறியதும் தட்டல் திரும்பி வந்தது. டெப்பட்டின் கலகலப்பு ஒழிந்துபோனதால் இப்போது அது முன்னையிலும் தெளிவாகக் கேட்டது. இரண்டு சத்தங்களில் சின்னதை அடக்கி, பெரியதற்கு மேடை போட்டுக் கொடுத்திருக்கிறேன். டெப்பட் சத்தம் உலர்ந்து, மெல்லியதாய், கிராங்கின் பாதி வேகத்தில் ‘டிக் டிக்’ என்று ஓயாமல் ஒலிப்பது. வண்டி பாரம் இழுக்கிறதா இல்லையா என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. என் தட்டலோ வரம்பில் மட்டும், அதுவும் அக்சிலேற்றரைக் குறைக்கும்போது மட்டும் வந்தது. இந்த வேறுபாட்டை அன்றே நான் கவனித்திருக்கவேண்டும். மூடியில் கேட்கிறது என்ற ஒன்றையே பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

அடுத்து, பக்கத்து வயல்காரர் இன்ஜெக்டர் என்றார். இது பிழையான ஊகமென்று சொல்லமுடியாது. நுனி தேய்ந்த இன்ஜெக்டர் டீசலைப் புகையாய்த் தூவாமல் சொட்டாய் ஒழுகவிடும். ஒழுகிய டீசல் தாமதித்து ஒரேயடியாகப் பற்றும்போது சுத்தியலால் அடித்தது போன்ற கூர்மையான சத்தம் எழும். மூன்றையும் கழற்றி, நகரத்திலுள்ள ஒரு பம்ப் திருத்துமிடத்தில் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து, ஒன்றின் நுனியை மாற்றியதாகவும் மூன்றின் அழுத்தத்தையும் சமப்படுத்தியதாகவும் சொல்லித் தந்தார்கள். சைலன்சரில் கரும்புகை குறைந்தது. தட்டல் குறையவில்லை.

இடையில் மலிவான சந்தேகங்களையும் ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கொண்டேன். விசிறி வாரைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் மட்டும் எஞ்சினை ஓடவிட்டேன். தண்ணீர்ப் பம்பும் டைனமோவும் நின்றிருந்தும் தட்டல் இருந்தது. கிளச்சை மிதித்துப் பார்த்தேன். மாற்றமில்லை, ஆகவே கிளச்சுப் பெயரிங் அல்ல. புகை வெளியேறும் மனிபோல்டின் கஸ்கட் ஊதினாலும் டெப்பட் போலவே ஒரு சத்தம் வரும். பொருத்தைச் சுற்றிப் புகைக்கரி படிந்திருக்கிறதா என்று பார்த்தேன், சுத்தமாக இருந்தது.

இந்த மூன்று வாரமும் அப்பா ஒன்றும் பேசவில்லை. அவருக்கு இப்போது காது நன்றாக மந்தம். கூரையில்லாத உழவு இயந்திரத்தில் நாற்பது வருடம் இருந்தவர்களில் காது மந்தமாகாதவர்களை நான் அதிகம் கண்டதில்லை. எஞ்சினைக் கேட்டுக் கேட்டே கேள்வியை இழந்த மனிதர்கள் இவர்கள். ஒருநாள் நான் வாசலில் வண்டியைச் சூடேற்றி அக்சிலேற்றரைக் கூட்டியும் குறைத்தும் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் வந்து ஸ்ரியரிங் வளையத்தில் உள்ளங்கையை வைத்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலைக் கியர்ப் பெட்டியின் மேல் வைத்துச் சற்று நேரம் நின்றார்.

“சத்தம் எனக்குக் கேக்கேல்லை. ஆனா காலிலை இடிக்குது. இது மேலை இல்லை, கீழை” என்றார்.

அன்று பின்னேரமே, அப்பாவின் காலத்திலிருந்து இந்த வகை வண்டிகளைத் திருத்திவரும் மெக்கானிக் அண்ணையைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அறுபதைத் தாண்டியவர், கராச்சை மகனிடம் விட்டுவிட்டு, தெரிந்தவர்களின் வண்டிகளை மட்டும் பார்க்கிறார். வந்தவர் முன்மூடியைத் திறக்கவில்லை. மாமர நிழலில் கதிரையைப் போட்டு இருந்து, தேத்தண்ணீர் வரும்வரை என்னை விசாரித்தார். நான் எடுத்த எடுப்பிலேயே வால்வு மூடியைக் காட்டி, இங்கேதான் அண்ணை கேட்கிறது என்று தொடங்கினேன்.

“எங்கை எண்டதைப் பிறகு பாப்பம் தம்பி. எப்ப கேக்குது, எப்ப கேக்கேல்லை? அதை முதல்லை சொல்லும்.”

காலையில் ஸ்டார்ட் செய்யும்போது உண்டா? இல்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் கேட்டுச் சூடேற மறைவதென்றால் அது பெரும்பாலும் பிஸ்டன் தேய்ந்து சிலிண்டரில் அடிபடும் சத்தம். பிஸ்டன் சூட்டில் விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும். இது அதற்கு நேர்மாறு. மெதுவாக ஓடும்போது இரட்டைத் தட்டலாய்க் கேட்கிறதா? இல்லை, ஒற்றைத் தட்டல். ஆகவே பிஸ்டன் ஊசியின் பக்கமும் சந்தேகம் குறைவு. பாரம் இழுக்கும்போது அடிவயிற்றில் குத்துவது போல மந்தமாக இடிக்கிறதா? அவ்வளவு ஆழமில்லை; ஆகவே கிராங்கைத் தாங்கும் மெயின் பெயரிங்காக இருக்க வாய்ப்புக் குறைவு. சூடேறிய பிறகு, அக்சிலேற்றரைச் சட்டென்று குறைக்கும்போது? ஆம், ஆம் என்று நான் இரண்டு தடவை சொன்னேன்.

எஞ்சின் இழுத்துக்கொண்டிருக்கும்போது வெடிப்பின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளி, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கொனெக்டிங் றொட்டின் பெரிய முனையைக் கிராங்க் தண்டின் மீது ஒரே பக்கமாக அழுத்தி வைத்திருக்கிறது. தேய்மானத்தால் அங்கே இடைவெளி கூடியிருந்தாலும், அழுத்தம் ஒரே பக்கம் இருக்கும்வரை அது பெரிதாக வெளித் தெரிவதில்லை. தெரிந்தாலும் வெடிப்போசை அதை விழுங்கிவிடும். டீசலைச் சட்டென்று குறைத்ததும் தள்ளுவதற்கு ஆளில்லை. சுழலும் கிராங்க்தான் பிஸ்டனை இழுக்கவேண்டியிருக்கிறது. தள்ளப்பட்டது இழுக்கப்படுவதாக மாறும் அந்த நொடியில் றொட் இடைவெளியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குத் தாவி மோதுகிறது. வரம்போரத்தில் என்னை விசாரித்தது இந்தத் தாவல்தான். அண்ணை இதை இவ்வளவு நீட்டிச் சொல்லவில்லை. ஒரு கைவிரல்களை வளையமாக்கி, மற்றக் கையின் பெருவிரலை அதற்குள் விட்டு, மேலும் கீழும் ஆட்டிக் காட்டினார்.

அதன்பின் எழுந்து, பையிலிருந்து ஒரு கோலை எடுத்தார். ஒன்றரை முழ நீளமுள்ள முதிரைக் கோல். ஒரு முனை கூராகவும் மறுமுனை காதுக்கு இதமாக உருண்டையாகவும் செதுக்கப்பட்டு, கைபட்டுக் கைபட்டுத் தேன் நிறமாகியிருந்தது. நீளமான ஸ்குரூ ட்ரைவரின் பிடியைக் காதில் வைத்துக் கேட்பவர்கள் உண்டு; இரும்பு தேவையில்லாத கிரீச்சொலியையும் சேர்த்துக் கொண்டுவரும் என்பது அவருடைய கட்சி. எஞ்சினைச் சூடேற்றி, கோலின் கூர்முனையை வால்வு மூடியில் வைத்தார், பின் சிலிண்டர்த் தலையில், பின் எஞ்சின் உடலின் பக்கவாட்டில், கடைசியாக, அடியில் ஒயில் தங்கும் சம்புக்குச் சற்று மேலே. கடைசி இடத்தில் நெடுநேரம் குனிந்தபடி நின்றுவிட்டு, கோலை என்னிடம் தந்தார். நானும் கேட்டேன். வால்வு மூடியில் உரத்துக் கேட்டது எதிரொலி. கீழே, நடுச் சிலிண்டருக்கு நேரே கேட்டது குரல். உரத்த தன்மைக்கும் கிட்டிய தன்மைக்கும் உள்ள வேறுபாட்டை எழுத்தில் காட்ட எனக்குத் தெரியவில்லை. கிணற்றுக்குள் பேசுபவரின் குரலை மேலே நின்று கேட்பதற்கும் கிணற்றுக்குள்ளேயே இறங்கிக் கேட்பதற்கும் உள்ள வேறுபாடு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

சந்தேகத்தை உறுதிசெய்ய ஒவ்வொரு சிலிண்டராக வேலைநிறுத்தம் செய்யவைத்தார். எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்க, இன்ஜெக்டருக்கு வரும் குழாயின் நட்டை ஸ்பனரால் ஒரு சுற்றுத் தளர்த்தினால் அந்தச் சிலிண்டருக்குப் போகவேண்டிய டீசல் வெளியே கசிந்துவிடும். அது வெடிக்காது, மற்ற இரண்டும் தடுமாறியபடி ஓடும். இதைச் செய்ய விரும்புபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அந்தக் குழாயில் இருப்பது தோலைத் துளைத்து உள்ளே போகக்கூடிய அழுத்தம். நட்டைத் துணியால் மூடிக்கொள்ளவேண்டும்; கசிகிறதா என்று விரலை வைத்துப் பார்க்கவே கூடாது; கண்ணுக்குக் கண்ணாடி போடவேண்டும். முதலாம் சிலிண்டரை நிறுத்தியபோது எஞ்சின் நொண்டியது, தட்டல் மாறவில்லை. மூன்றாவதிலும் அப்படியே. இரண்டாவதன் நட்டைத் தளர்த்தியதும் தட்டல் நின்றது. இறுக்கியதும் வந்தது. மீண்டும் தளர்த்தினார், நின்றது.

இன்ஜெக்டர்ச் சத்தமும் இந்தச் சோதனையில் இப்படித்தான் நடந்துகொள்ளும். எனவே முதலாம், இரண்டாம் சிலிண்டர்களின் இன்ஜெக்டர்களை ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டுப் பார்த்தோம். பழுது இன்ஜெக்டரில் என்றால் தட்டல் அதனோடு முதலாம் சிலிண்டருக்குக் குடிபெயர்ந்திருக்கவேண்டும். அது அசையவில்லை.

இருட்டத் தொடங்கியிருந்தது. இரண்டாம் சிலிண்டரின் பிக் எண்ட் பெயரிங், அதாவது றொட்டின் பெரிய முனையிலுள்ள பெயரிங், என்று நான் மனதுக்குள் எழுதி முடித்துவிட்டேன். அண்ணை போகவில்லை.

“ஒயில் எப்ப மாத்தினது?”

“போன சிறுபோகத்துக்கு முதல் அண்ணை.”

“பிறகு எவ்வளவு விட்டனீர்?”

“ஒரு சொட்டும் விடேல்லை. இந்த வண்டி ஒயில் குடிக்காது” என்றேன். கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன்.

அவர் சிரித்தார். “குடிக்காத கிழட்டு எஞ்சினை நான் இன்னும் காணேல்லை.”

ஒயில் அளவுக் கம்பியை இழுத்துத் துடைத்து மீண்டும் விட்டு எடுத்தார். ஒயில் மேற்கோட்டுக்கும் மேலே ஒரு விரற்கடை ஏறியிருந்தது. கம்பியைச் சாய்த்துப் பிடித்தார். ஒயில் தயங்கி வழியாமல் தண்ணீர் போலச் சொட்டியது. முகர்ந்துவிட்டு என் மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்தார். டீசல். பழைய வீரகேசரித் தாளொன்றைக் கேட்டு வாங்கி, அதில் இந்த ஒயிலில் ஒரு சொட்டும் பக்கத்தில் என்னிடமிருந்த புது ஒயிலில் ஒரு சொட்டும் விட்டு, தேத்தண்ணீர் தட்டின்மேல் வைத்தார். கால் மணித்தியாலத்தில் புது ஒயில் ஒரு சதக் குற்றியளவில் நின்றுவிட்டது. பழையது நடுவில் கறுப்பாகவும், அதைச் சுற்றி வெளிறிய ஈர வளையமாகவும் இரண்டு பந்திகளைத் தாண்டிப் பரவியிருந்தது.

எஞ்சினின் பக்கத்தில், தொட்டியிலிருந்து டீசலை இழுத்து மேலே அனுப்பும் சிறிய லிப்ட் பம்ப் இருக்கிறது. அதைக் கேம் தண்டுதான் ஆட்டுகிறது. அதற்குள் இருக்கும் ரப்பர் டயபிரமின் ஒரு பக்கம் டீசல், மறு பக்கம் எஞ்சினின் உள்வெளி. அந்தத் தோல் வெடித்தால் டீசல் சம்புக்குள் ஒழுகும். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் டீசல் வரிசைகளும் கியூஆர் அட்டைகளுமாக இருந்த காலத்தில் எங்கள் வண்டி மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தது. ரப்பர் காய்ந்து வெடிப்புக் கண்டது அப்போதாக இருக்கலாம் என்பது அண்ணையின் ஊகம். எஞ்சின் தன் வயதுக்குரிய ஒயிலைக் குடித்துக்கொண்டே வந்திருக்கிறது. குடித்த இடத்தை டீசல் சொட்டுச் சொட்டாக நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறது. வாரம் ஒருமுறை கம்பியை இழுத்துப் பார்த்த நான், அளவு குறையாமல் இருப்பதைக் கண்டு மகிழ்ந்திருக்கிறேன். பார்த்தேன், முகரவில்லை. அண்மையில் அது மேற்கோட்டைத் தாண்டியதைக் கவனிக்காமல் விட்டதற்கு உழவுக் காலத்து அவசரம் என்ற சாட்டைத் தவிர வேறொன்றும் என்னிடம் இல்லை.

கிராங்க் தண்டு பெயரிங்கைத் தொட்டுக்கொண்டு சுழல்வதில்லை. இரண்டுக்கும் இடையே மயிரிழையிலும் மெல்லிய ஒயில் படலமொன்று ஆப்புப் போல நுழைந்து தண்டைத் தூக்கி வைத்திருக்கிறது. அந்தப் படலத்தின் வலு ஒயிலின் தடிப்பிலும் சுழலும் வேகத்திலும் தங்கியிருக்கிறது. டீசல் கலந்து நீர்த்த ஒயில் காலைக் குளிரில் ஒப்பேற்றிவிடும். சூடேறினால் இன்னும் இளகும், படலம் கிழியும், இரும்பு பெயரிங்கை உராயும். குளிரில் மௌனம், சூட்டில் தட்டல் என்ற வழக்கத்துக்கு இதுதான் காரணம். சம்பில் ஒயில் இப்படி ஏறிக்கொண்டே போனால் எஞ்சின் தன் ஒயிலையே எரிபொருளாக உறிஞ்சி, நிறுத்த நிற்காமல் வெறிகொண்டு ஓடித் தன்னையே முடித்துக்கொள்வதும் உண்டு என்றார் அண்ணை. எங்கள் வண்டி அந்த மட்டுக்குப் போகவில்லை.

எங்கள் வண்டியின் ஒயில் அழுத்தக் கேஜின் முள் நாங்கள் வாங்கிய நாளிலிருந்தே செத்தது. மறுநாள் அண்ணை தன்னுடைய கேஜை நேரே எஞ்சினில் பூட்டினார். சூடான எஞ்சின் வேலை வேகத்தில் ஓடும்போது சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தலுக்குக் குறையாமல், 60 வரை இருக்கவேண்டும். எங்களுடையது 18 காட்டியது. வேகத்தைக் குறைத்தபோது முள் 5ஐத் தொட்டுக்கொண்டு நடுங்கியது. லிப்ட் பம்பைக் கழற்றி, கையால் அதன் நெம்பை ஆட்டியபோது, டீசல் வரக்கூடாத அடிப்பக்கத்திலிருந்து சொட்டியது. உள்ளே டயபிரமின் விளிம்போரம் நகக்கண் அகலத்துக்கு ஒரு கிழிசல். அதன் விலை, நான் இன்ஜெக்டருக்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

டயபிரமையும் ஒயிலையும் மாற்றியதும் அழுத்தம் 28க்கு ஏறியது, தட்டலும் பாதியாகக் குறைந்தது. இத்தோடு இந்தப் போகத்தை ஓட்டிவிடலாமா என்று நான் கேட்டேன். ஓட்டலாம், றொட் எஞ்சினின் பக்கத்தைக் குத்திக்கொண்டு வெளியே வந்து எட்டிப் பார்க்கும் வரைக்கும் ஓட்டலாம் என்றார். விதைப்பை வாடகை உழவு இயந்திரத்தில் முடித்துவிட்டு, எங்கள் வண்டியைப் பிரிக்கக் கொடுத்தேன்.

இந்த எஞ்சினின் சம்ப் வார்ப்பிரும்பு. இரண்டு பேர் பிடித்தால்தான் இறங்கும். இரண்டாம் றொட்டின் மூடியைக் கழற்றி, அரைவட்டப் பெயரிங் தகட்டை அண்ணை என் உள்ளங்கையில் வைத்தார். சாம்பல் நிறத்தில் மங்கலாக இருக்கவேண்டிய அதன் உட்புறம் நடுவில் தேய்ந்து, அடியிலிருந்த செம்பு நிறம் ஒரு பிறைபோலத் தெரிந்தது. நகத்தால் வருடினால் தவாளிப்புகள் தட்டுப்பட்டன. மற்ற இரண்டு சிலிண்டர்களின் தகடுகளும் தேய்ந்திருந்தன, ஆனால் செம்பு தெரியவில்லை. தகட்டைத் திருப்பினால் முதுகில் 010 என்று பொறித்திருந்தது. ஆயிரத்தில் 10 அங்குலம் சிறுத்த தண்டுக்கான தகடு. அதாவது நாங்கள் வாங்குவதற்கு முன்பே யாரோ ஒருவர் இதே கிராங்கை ஒருமுறை கழற்றி, கடைந்து, பூட்டியிருக்கிறார். சாமிப்படத்தை ஒட்டியவராகவும் இருக்கலாம். அவருடைய வரம்பிலும் ஒருநாள் இதே தட்டல் கேட்டிருக்கும்.

மைக்ரோமீற்றரால் அளந்தபோது கிராங்கில் இரண்டாம் றொட் பூட்டும் இடம் வட்டமாக இல்லாமல் ஆயிரத்தில் 3 அங்குலம் நீள்வட்டமாகியிருந்தது. லேத் பட்டறையில் கிராங்கை 020 அளவுக்குக் கடைந்து, புதுத் தகடுகள் போட்டோம். இன்னும் ஒருமுறை, 030 வரைக்கும் கடையலாம். அதற்கு மேல் இந்தக் கிராங்குக்கு வழியில்லை. திறந்ததோடு பிஸ்டன் மோதிரங்களையும் மாற்றிவிடுவோமா என்று கேட்டதற்கு, சிலிண்டரில் தேய்வு எல்லைக்குள் இருக்கிறது, காசை வீணாக்கவேண்டாம் என்று அண்ணை தடுத்துவிட்டார்.

மார்கழி மழை விட்ட ஒரு காலையில் வண்டி வீட்டுக்கு வந்தது. சூடேறும்வரை விட்டு, அக்சிலேற்றரைக் கூட்டிச் சட்டென்று குறைத்தேன். பதினைந்து வெடிப்புகளின் இரைச்சலைத் தவிர வேறொன்றும் இல்லை. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுக் கியர்ப் பெட்டியில் காலை வைத்துப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனார்.

இப்போது ஒவ்வொரு நாளும் ஸ்டார்ட் செய்யுமுன் கம்பியை இழுத்து, பார்த்து, முகர்ந்து, விரலிடுக்கில் தேய்த்துப் பார்க்கிறேன். உழவு நாட்களில் வாரத்துக்கு ஒரு நூல் அளவு ஒயில் குறைகிறது. குறைந்த அளவைக் காணும்போது மனதுக்கு நிம்மதியாக இருக்கிறது. அரை லீற்றரை விட்டு நிரப்பிவிட்டு வயலுக்குப் புறப்படுகிறேன்.